சல்ஃபரைக் கூட்டியும் ரப்பர் பேட் கிழிகிறது, எங்கே தப்பு?

கேள்வி: பிரஸ்ஷாப்_கோவை

வணக்கம். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு எட்டு மாதமாக ஒரு சின்ன ரப்பர் மோல்டிங் யூனிட்டில் வேலை பார்க்கிறேன். இயற்கை ரப்பரில் மெஷின் அடியில் வைக்கும் பேட், நைட்ரைல் ரப்பரில் ஓ-ரிங், இந்த இரண்டும்தான் எங்கள் முக்கிய வேலை. ரப்பரைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை, பார்த்துப் பார்த்துக் கற்றதுதான், அதனால் அடிப்படையிலேயே தவறாகக் கேட்டால் திருத்துங்கள்.

பேட் 25 மி.மீ. தடிமன். நூறு பங்கு ரப்பருக்கு கார்பன் பிளாக் (கரிப்பொடி) 40 பங்கு, சல்ஃபர் 2.5 பங்கு. பல மாதம் எந்தப் புகாரும் இல்லை. மூன்று மாதம் முன்பு மில்லுக்கு, அதாவது ரப்பரைப் பிசையும் இரண்டு ரோல் மெஷினுக்கு, புது ஆள் வந்தார். அவர் கச்சா ரப்பரை மட்டும் தனியாக இருபத்தைந்து முப்பது நிமிடம் ஓட்டுகிறார். முன்பு பத்து பன்னிரண்டு நிமிடம்தான். அப்படி ஓட்டினால் பொடியெல்லாம் சட்டென்று உள்ளே போகிறது, கைக்கும் வேலை குறைவு என்கிறார், அது உண்மைதான், நானே பார்த்தேன், ரப்பர் பரோட்டா மாவு மாதிரி ரோலில் வழுவழுவென்று படிகிறது. ஆனால் பேட்டின் ஹார்ட்னஸ் 60லிருந்து 56க்கு இறங்கிவிட்டது. உடனே மேலிருந்து சல்ஃபரை 3.5 பங்கு ஆக்கச் சொன்னார்கள். ஹார்ட்னஸ் திரும்ப 60 வந்துவிட்டது. எல்லோருக்கும் நிம்மதி. இப்போது வாடிக்கையாளர் சரக்கைத் திருப்பி அனுப்பியிருக்கிறார், மடக்கி மடக்கிப் பார்த்தால் வெடிக்கிறது, ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு விழுந்தால் அப்படியே நீளக் கிழிந்துகொண்டு போகிறது. ஹார்ட்னஸ் பழைய அளவேதான், அப்புறம் ஏன் கிழிகிறது?

இன்னொன்று. உற்பத்தி போதவில்லை என்று பிரஸ் சூட்டை 150லிருந்து 170 டிகிரிக்கு ஏற்றினோம், பத்து நிமிடத்தை ஐந்தாகக் குறைத்தோம். பேட்டின் மேல்தோல் பிசுபிசுக்கிறது, நகத்தால் அழுத்தினால் தடம் நிற்கிறது. பிளேடால் குறுக்கே வெட்டினால் நடுவில் ஊசிமுனை அளவு ஓட்டைகள்.

கடைசியாக, பக்கத்து யூனிட்டில் பிளாஸ்டிக் பக்கெட் போடுகிறார்கள், ஓரத்தில் வரும் கழிவை அரைத்துத் திரும்பவும் மெஷினில் போட்டுவிடுகிறார்கள். எங்கள் ஃப்ளாஷ் (மோல்டு ஓரத்தில் பிதுங்கி வரும் கழிவு ரப்பர்) மட்டும் மூட்டை மூட்டையாகக் குப்பைக்குப் போகிறது. ஏன் எங்களால் முடியாது?

பதில் 1: மில்ரூம்_30வருஷம்

தம்பி, நல்ல கேள்வி. ஹார்ட்னஸ் மீட்டர் ஒன்றை மட்டும் நம்பி ஓடும் எல்லா யூனிட்டிலும் இந்தக் கதை நடந்திருக்கிறது. உங்கள் பேட் கெட்டது பிரஸ்ஸில் இல்லை, முதலில் கெட்டது மில்லில். அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கச்சா ரப்பர் என்பது ஐசோப்ரீன் என்ற சின்ன அலகு ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த நீளச் சங்கிலி. ஓர் அலகின் எடை 68. மரத்திலிருந்து வந்த ரப்பரில் மூலக்கூறு எடை பத்து லட்சம் என்பதெல்லாம் சாதாரணம், அப்படியென்றால் ஒரே சங்கிலியில் கிட்டத்தட்ட பதினைந்தாயிரம் கண்ணி. இவ்வளவு நீளமான சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்குப்பிடித்துக் கிடப்பதால்தான் கச்சா ஷீட் அவ்வளவு முரட்டுத்தனமாக இருக்கிறது. இந்த நிலையில் கார்பன் பிளாக் உள்ளே போகாது, மோல்டில் ஓடாது. அதனால் மில்லில் போட்டுப் பிசைகிறோம். பிசைவது என்றால் வெறுமனே சூடாக்கி இளக்குவது என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது இல்லை. இரண்டு ரோலும் வேறு வேறு வேகத்தில் சுற்றும்போது நடுவில் மாட்டிய சங்கிலி உண்மையாகவே அறுபடுகிறது, பெரும்பாலும் நடுப்பக்கம். அறுந்த முனையில் காற்றிலிருக்கும் ஆக்ஸிஜன் வந்து உட்கார்ந்துவிடும், அதற்குப் பிறகு அது திரும்ப ஒட்டாது. ஆக்ஸிஜன் இல்லாமல் நைட்ரஜனில் வைத்துப் பிசைந்தால் எடை அதிகம் இறங்குவதில்லை, அறுந்த முனைகள் திரும்பவும் சேர்ந்துகொள்கின்றன என்று பார்த்திருக்கிறார்கள்.

புது ஆட்களுக்கு நான் முதலில் சொல்வது, ரோல் குளிர்ச்சியாக இருக்கும்போதுதான் சங்கிலி வேகமாக அறும். குளிரில் ரப்பர் விறைப்பாக இருக்கும், விட்டுக்கொடுக்காது, அதனால் இழுப்பு முழுவதும் சங்கிலி மேல் விழும். சூடு ஏற ஏறச் சங்கிலி வழுக்கித் தப்பிக்கும். சுமார் 100, 110 டிகிரியில் அறுப்பு மிகக் குறைவு, அதற்கு மேல் போனால் ஆக்ஸிஜன் தாக்கி வேறு வழியில் அறும். உங்கள் புது ஆள் ரோலில் தண்ணீரை நன்றாகத் திறந்துவிட்டு முப்பது நிமிடம் ஓட்டுகிறார் என்றால், பத்து லட்சமாக வந்ததை ஒரு லட்சம் பக்கம் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். பார்க்க அருமையாக இருக்கும், பொடியும் சாப்பிடும், ஆனால் அங்கே போனது போனதுதான்.

இந்த இடத்தில் சல்ஃபரைக் கூட்டினீர்கள். சல்ஃபர் செய்வது என்ன? பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளுக்கு நடுவில் பாலம் போடுவது. கிராஸ்லிங்க் என்பது அதுதான். பாலம் அதிகமானால் ஹார்ட்னஸ் ஏறும், சரி. ஆனால் அறுந்த சங்கிலியை அது நீட்டித் தரவில்லை. கயிறு திரிப்பதைப் பார்த்திருப்பீர்கள், நார் நீளமாக இருந்தால் கயிறு தாங்கும், துண்டு நாரை எடுத்துக்கொண்டு எவ்வளவு இறுக்கமாக முறுக்கினாலும் விறைப்பு வருமே தவிர இழுப்பு தாங்காது. உங்கள் பேட் இப்போது அந்தக் கயிறு.

சரி, பிரஸ் விஷயம். க்யூரிங், அதாவது சூட்டில் பாலம் விழும் வேலை, அதன் வேகம் ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இரண்டு மடங்கு ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 டிகிரி ஏற்றினால் நான்கு மடங்கு. பத்து நிமிட வேலை மேல்தோலில் இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிட்டது, நீங்கள் ஐந்து நிமிடம் வைத்திருக்கிறீர்கள். இயற்கை ரப்பருக்கு அந்தச் சூட்டில் கூடுதல் நேரம் ஆகவே ஆகாது. அதிக சல்ஃபர், குறைந்த ஆக்ஸிலரேட்டர் (பாலம் விழுவதை வேகப்படுத்தும் பொருள்) உள்ள உங்கள் மாதிரி காம்பவுண்டில் (ரப்பர் கலவையில்) பாலம் ஒவ்வொன்றும் நான்கைந்து கந்தக அணு நீளம் இருக்கும். அந்த நீளப் பாலங்கள் சூட்டில் உடைந்து போகும். கட்டிய வலை அவிழ்கிறது என்று சொல்லலாம். ரிவர்ஷன் என்போம். நகத்தடம் நிற்பது அதனால்தான். நடுவிலோ கதை நேர்மாறு, ரப்பருக்குச் சூட்டைக் கடத்தத் தெரியாது, 25 மி.மீ. தடிமனில் ஐந்து நிமிடத்தில் நடுப்பகுதி இன்னும் வேகவே இல்லை, அந்த ஓட்டைகள் அதன் அடையாளம். தீயை ஏற்றிவைத்துச் சுட்ட பணியாரம் போல வெளியே கருகி உள்ளே மாவாக நிற்கிறது. தடித்த பேட்டுக்கு 145, 150 டிகிரியில் பொறுமையாக வைப்பதுதான் வழி. அவசரம் என்றால் பிரஸ்ஸில் போடும் துண்டை முன்கூட்டியே சூடாக்கிப் போடுங்கள், மோல்டு சூட்டை ஏற்றாதீர்கள்.

பிரஸ்ஷாப்_கோவை

ரொம்ப நன்றி அண்ணா. ஒரு சந்தேகம். அதே 170 டிகிரியில் நைட்ரைல் ஓ-ரிங் கூடுதல் நேரம் இருந்துவிட்டால் பிசுபிசுக்கவில்லை, விறைத்துப் போகிறது, மடக்கினால் ஒடிகிறது. ஏன் நேர் எதிராக நடக்கிறது?

மில்ரூம்_30வருஷம்

அது ரப்பரின் சுபாவம். இயற்கை ரப்பரில் அதிகச் சூடும் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் அறுபடுவது ஜெயிக்கும். நைட்ரைல், எஸ்பிஆர் போன்ற செயற்கை ரப்பர்களில் பாலம் மேலும் மேலும் விழுவது ஜெயிக்கும். அதனால் பழசான இயற்கை ரப்பர் பிசுபிசுக்கும், பழசான நைட்ரைல் ஓ-ரிங் வெடிக்கும். ஒரே பிரஸ், ஒரே சூடு என்று இரண்டுக்கும் ஒரே அட்டை எழுதி ஒட்டியிருந்தால் முதலில் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இரண்டு அட்டை எழுதுங்கள்.

பதில் 2: பக்கெட்_மோல்டர்

மூன்றாவது கேள்விக்கு நான் சொல்கிறேன், எங்கள் யூனிட்டிலும் கழிவை அரைத்துத்தான் போடுகிறோம். பக்கெட் பிளாஸ்டிக்கில் சங்கிலிகள் சிக்குண்டு மட்டும் கிடக்கின்றன, கட்டிவைக்கப்படவில்லை. சூடாக்கினால் வழுக்கி ஓடும், ஆறினால் நிற்கும். உங்கள் பேட்டில் பாலம் போட்டாகிவிட்டது, ஒரு முழு பேட் என்பது கிட்டத்தட்ட ஒரே ஒரு ராட்சத மூலக்கூறு, அதில் எந்தச் சங்கிலியும் தனியாக நழுவ வழியில்லை. சூட்டை ஏற்றினால் உருகாது, கருகும்.

இதற்கு ரப்பரின் வரலாற்றிலேயே ஒரு கதை இருக்கிறது. 1820ல் லண்டனில் தாமஸ் ஹான்காக் என்பவர் வெட்டியது போக மீந்த ரப்பர் துண்டுகளை வீணாக்க மனமில்லாமல் முள் வைத்த ஓர் உருளையைச் செய்து அதில் போட்டு அரைத்தார். துண்டு துண்டாகக் கிழியும் என்று பார்த்தால், எல்லாம் சேர்ந்து சூடான ஒரே உருண்டையாகி வெளியே வந்தது. உங்கள் இரண்டு ரோல் மில்லுக்கு அதுதான் மூதாதை. அவரால் கழிவைத் திரும்பப் பயன்படுத்த முடிந்தது, ஏனென்றால் அப்போது யாரும் அதில் சல்ஃபர் போடவில்லை. வெயிலில் இளகிக் குளிரில் விறைக்கும் கச்சா ரப்பர்தான் எல்லோரிடமும் இருந்தது. 1839ல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் சல்ஃபரோடு சூடாக்கினால் அந்தக் குறை போகிறது என்று கண்டார். அன்றைக்கு ரப்பர் உறுதியானது, அன்றைக்கே உங்கள் ஃப்ளாஷ் திரும்ப உருக முடியாததும் ஆனது. இரண்டும் ஒரே காரியத்தின் விளைவு.

எங்கள் பக்கமும் எல்லாம் சும்மா வந்துவிடுவதில்லை. பாலிப்ரொப்பிலீனை ஒவ்வொரு முறை அரைத்து உருக்கும்போதும் சங்கிலி கொஞ்சம் குட்டையாகிறது. நாங்கள் அதை மெல்ட் ஃப்ளோ மெஷினில் பார்ப்போம். சூடான குழாயில் பொருளைப் போட்டு மேலே எடைக்கல் வைத்து, அடியில் இருக்கும் சின்னத் துளை வழியாகப் பத்து நிமிடத்தில் எத்தனை கிராம் இறங்குகிறது என்று நிறுப்பது, அவ்வளவுதான். எண் ஏறினால் சங்கிலி குட்டை. நான் முதன்முதலில் இந்த மெஷினில் நின்ற நாள் நன்றாக நினைவிருக்கிறது, புதுப் பொருள் தடித்த வெள்ளை நூலாக மெதுவாக இறங்கியது, நான்கு முறை அரைத்தது தேன் மாதிரி ஒழுகியது. இரண்டையும் ஆறவிட்டு மடக்கினேன், முதலாவது வெள்ளைக் கோடு விழுந்து நின்றது, இரண்டாவது டக்கென்று ஒடிந்தது. பார்வைக்கு ஒரே பொருள், ஒரே நிறம், ஒரே பெயர். அதனால்தான் கழிவைப் புதுப் பொருளோடு குறிப்பிட்ட அளவுக்கு மேல் கலக்க நான் சம்மதிப்பதில்லை, விலை எவ்வளவு இழுத்தாலும்.

சங்கிலி நீளம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு மெழுகுவர்த்தியைப் பாருங்கள். பாரஃபின் மெழுகும் பாலித்தீனும் வேதியியலில் ஒரே குடும்பம், கார்பனும் ஹைட்ரஜனும் அதே மாதிரி கோத்ததுதான். மெழுகில் ஒரு சங்கிலிக்கு இருபது முப்பது கார்பன், நகத்தால் கீறலாம். பாலித்தீன் பக்கெட்டில் ஆயிரக்கணக்கில், தண்ணீரோடு தூக்கினாலும் கைப்பிடி தாங்கும். இன்னும் நீட்டி மூலக்கூறு எடை முப்பது லட்சத்தைத் தாண்டினால் அதி உயர் எடைப் பாலித்தீன், தேய்மானத்துக்கு அசையாத பொருள். ஆனால் அதை எங்கள் இஞ்செக்ஷன் மெஷினில் போட முடியாது, உருகினாலும் ஓடாது, பொடியாக அழுத்திச் சூடாக்கித்தான் கட்டியாக்க வேண்டும். சங்கிலிகள் சிக்குப்பிடிக்கும் நீளத்தைத் தாண்டிய பிறகு, நீளம் இரண்டு மடங்கானால் உருகிய நிலையில் ஓடுவதற்கு இருக்கும் தடை (விஸ்காசிட்டி) சுமார் பத்து மடங்கு ஏறுகிறது. பலம் வேண்டும் என்றால் நீளம் வேண்டும், ஓட வேண்டும் என்றால் நீளம் ஆகாது. இந்த இழுபறியில்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது.

பதில் 3: பாலிமர்_லேப்

கல்லூரியில் பாலிமர் ஆய்வகம் பார்த்துக்கொள்கிறேன். மேலே இருவரும் சொன்னது சரி. தம்பி, உங்கள் முதல் கேள்விக்குக் கணக்காகவும் ஒரு விடை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனமில்லை, ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டால் இனி யாரும் உங்களிடம் சல்ஃபரைக் கூட்டு என்று சும்மா சொல்லிவிட முடியாது.

மீன் வலையை எடுத்துக்கொள்ளுங்கள். முடிச்சுக்கும் முடிச்சுக்கும் நடுவில் இருக்கும் நூல்தான் சுமையைத் தாங்குகிறது. ஆனால் வலையின் ஓரத்தில் முடிச்சில் சேராமல் தொங்கும் நூல் முனை எதையும் தாங்காது. ரப்பரில் ஒவ்வொரு சங்கிலிக்கும் இப்படித் தொங்கும் முனை இரண்டு. இரண்டு பாலங்களுக்கு நடுவில் இருக்கும் துண்டின் எடை சராசரியாக 5,000 என்று வைப்போம், அதாவது எழுபத்துச் சொச்சம் ஐசோப்ரீன் அலகு. சங்கிலியின் முழு எடை 2 லட்சம் என்றால் தொங்கும் முனைகளில் வீணாவது நூற்றுக்கு 5 பங்கு. அதே சங்கிலியை மில்லில் 50,000 வரை அறுத்துவிட்டால் நூற்றுக்கு 20 பங்கு ரப்பர் தொங்கிக்கொண்டு சும்மா கிடக்கும். இது பால் ஃப்ளோரி போட்ட கணக்கு, பாலிமர் வேதியியலுக்காக 1974ல் நோபல் பெற்றவர். ஹார்ட்னஸ் 60லிருந்து 56க்கு இறங்கியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. நீங்கள் சல்ஃபரைக் கூட்டியபோது, சுமை தாங்கும் பகுதியில் முடிச்சுகளை, அதாவது பாலங்களை, மேலும் நெருக்கமாகப் போட்டு அந்த இழப்பை ஈடுகட்டினீர்கள். மீட்டர் 60 காட்டியது. உள்ளே இருக்கும் வலை பழைய வலை இல்லை.

முடிச்சு நெருங்கினால் ஏன் கிழிகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கார்பன் பிளாக் இல்லாத வெறும் ரப்பரில் விறைப்பு என்பது முடிச்சுகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதம். நடுத்துண்டு 5,000 என்றால் நறுக்கு விறைப்பு (பக்கவாட்டில் நகர்த்தினால் காட்டும் எதிர்ப்பு) அறைச் சூட்டில் சுமார் 0.46 மெகாபாஸ்கல், 2,500 ஆக்கினால் இரண்டு மடங்கு. கோடு நேராக ஏறிக்கொண்டே போகும். கிழியும் பலம் அப்படி இல்லை. முடிச்சே இல்லாதபோது சங்கிலி நழுவிவிடும், பலமில்லை. முடிச்சு போடப்போடப் பலம் ஏறும், ஓர் உச்சிக்குப் போகும், அப்புறம் இறங்கும். மடக்கி மடக்கி எத்தனை தடவை தாங்குகிறது என்பதும் இதே மலை வடிவம்தான். காரணம் என்னவென்றால், வெட்டு முனையில் குவியும் இழுப்பை அக்கம்பக்கத்துச் சங்கிலிகள் கொஞ்சம் நகர்ந்து, கொஞ்சம் நீண்டு பகிர்ந்துகொள்ள வேண்டும். இயற்கை ரப்பரில் இன்னொரு வரமும் உண்டு, நன்றாக இழுபடும் இடத்தில் சங்கிலிகள் வரிசையாகி அங்கேயே படிகமாகிக் கிழிசலைத் தடுத்து நிறுத்தும். முடிச்சு நெருங்கிவிட்டால் நீளவும் முடியாது, வரிசையாகவும் முடியாது. இழுப்பு முழுவதும் முனையில் இருக்கும் சில சங்கிலிகள் மேல் விழுந்து அவை அறும், அடுத்தவை அறும், நீங்கள் பார்த்த மாதிரி நீளக் கிழிந்துகொண்டு போகும். நீங்கள் மலையின் அந்தப் பக்கம் இறங்கிவிட்டீர்கள், அதுவும் குட்டைச் சங்கிலியோடு.

அந்தப் பக்கத்தின் எல்லையைப் பார்க்க ஆசை என்றால் எபோனைட் பேனாவைக் கையில் எடுங்கள், திருவள்ளூரில் இன்றும் கையால் கடைந்து செய்கிறார்கள். அதுவும் இதே இயற்கை ரப்பர், இதே சல்ஃபர்தான், நூறு பங்குக்கு முப்பது பங்கு போல. லேத்தில் கடையும் அளவு கெட்டி. கீழே போட்டால் உடையும்.

மருத்துவத்தில் இதே இழுபறி மனித உடம்புக்குள் நடந்திருக்கிறது. இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி முதலில் டெஃப்லான் கிண்ணம் வைத்தார், சில வருடங்களிலேயே தேய்ந்து தோற்றது. 1962ல் பக்கெட்_மோல்டர் சொன்ன அந்த அதி உயர் எடைப் பாலித்தீனுக்கு மாறினார், அது நிலைத்தது. ஆனாலும் வருடக்கணக்கில் தேய்ந்து நுண்துகள் உதிர்ந்தது. 1990களின் கடைசியில் அதையே கதிர்வீச்சு கொடுத்துக் குறுக்குப் பிணைப்பு (நம் பாலம்தான்) போட்டு வைக்க ஆரம்பித்தார்கள், தேய்மானம் வெகுவாகக் குறைந்தது. அதே சமயம் வெடிப்பைத் தாங்கும் சக்தியும் குறைந்தது. இடுப்பு பந்தும் கிண்ணமும் போல உருளும் மூட்டு, அங்கே அது பெரும்பாலும் ஒத்துவந்தது. முழங்காலில் சுமை சின்ன இடத்தில் குவியும், அதனால் அங்கே எவ்வளவு பிணைப்பு போடலாம் என்பதில் ஆராய்ச்சியாளர்கள் வெகு கவனமாகவே நடந்தார்கள். ஒரு நல்ல குணத்தைக் கூட்டும்போது வேறு எது குறைகிறது என்று கேட்காமல் அவர்கள் ஓர் அடியும் வைக்கவில்லை. நமக்கும் அது வேண்டும்.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது. ரியோமீட்டர் (க்யூரிங் போக்கை அளப்பது), மூனி மீட்டர் (வேகாத ரப்பரின் விஸ்காசிட்டியை அளப்பது) உங்களிடம் இருக்காது, காம்பவுண்ட் விற்பவர்களிடமோ சோதனைக் கூடத்திலோ காசு கொடுத்துப் பார்க்கலாம். அதற்கு முன்பு கண்ணாடி பாட்டில் போதும். பழைய நல்ல பேட், முப்பது நிமிடம் ஓட்டிய பேட், சல்ஃபர் கூட்டிய பேட், ஒவ்வொன்றிலிருந்தும் அரிசி இரண்டு மூன்று சேர்ந்த அளவு மெல்லிய துண்டை வெட்டி எடை போட்டுக்கொண்டு, மூடியுள்ள பாட்டிலில் டொலுயீன் ஊற்றிப் போட்டு மூன்று நாள் இருட்டில் வையுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது, கையுறை கட்டாயம். மூன்று நாள் கழித்து எடுத்து டிஷ்யூ தாளில் ஒற்றிச் சட்டென்று எடை போட வேண்டும், தாமதித்தால் ஆவியாகிக் குறைத்துக் காட்டும். பாலம் போட்ட ரப்பர் கரையாது, வீங்கும். எவ்வளவு வீங்குகிறதோ அவ்வளவு வலை தளர்வு. பிறகு அதே துண்டை நன்றாகக் காயவைத்துத் திரும்ப எடை போடுங்கள். முதல் எடையைவிடக் குறைந்திருந்தால், குறைந்தது வலையில் சேராமல் கரைந்து போன பகுதி. எண்ணெய், மெழுகு போட்டிருந்தால் அதுவும் அதில் சேரும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். மூன்று பேட்டையும் ஒப்பிட்டால் உங்களுக்கே கதை புரியும்.

பதில் 4: குலசேகரம்_தோட்டம்

எங்களுக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் மரம் இருக்கிறது. ஷீட் வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிக்கொள்கிறேன். பால் எடுத்து ஆசிட் ஊற்றி உறையவைத்து ஷீட் அடித்துப் புகை போட்டு நாங்கள் தரும் சரக்கின் தரத்தைக் கண்ணால் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அழுக்கு, குமிழ், பூஞ்சை, நிறம் எல்லாம் பார்ப்பார்கள். சங்கிலி எவ்வளவு நீளம் என்று அந்தத் தரம் சொல்லாது. மர ரகத்துக்கு ரகம் அது மாறும். குடோனில் மாதக்கணக்கில் கிடந்தால் ஷீட் தானாகவே இறுகவும் செய்யும். அதனால் ஒரே தரம், ஒரே விலை என்று வாங்கிய இரண்டு லோடும் மில்லில் ஒரே மாதிரி நடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மில் ஆளை மட்டும் குறை சொல்வதற்கு முன்னால் லோடு மாறியதா என்றும் பாருங்கள் தம்பி. விஸ்காசிட்டி நிலைப்படுத்திய, கட்டியாக வரும் பிளாக் ரப்பர் கிடைக்கிறது, விலை கூடுதல், ஆனால் உங்கள் மாதிரி வேலைக்கு அது நிம்மதி.

பிரஸ்ஷாப்_கோவை

பத்து நாள் கழித்து வருகிறேன், எல்லோரும் இவ்வளவு எழுதியதற்கு நான் என்ன செய்தேன் என்று சொல்லியாக வேண்டும்.

மூன்று பாட்டில் வைத்தேன் மேடம். பழைய பேட்டிலிருந்து எடுத்த ஒரு கிராம் 2.9 கிராம் ஆனது. முப்பது நிமிடம் ஓட்டியது 3.4. சல்ஃபர் கூட்டியது 2.7, அதாவது பழையதைவிட இறுக்கம். ஆனால் காயவைத்துப் பார்த்தபோது, எங்கள் காம்பவுண்டில் போடும் எண்ணெய் அளவைக் கழித்த பிறகும் கடைசி இரண்டிலும் பழையதைவிட அதிகம் குறைந்திருந்தது. அந்தத் துண்டுகளை மேஜையில் வைத்து மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வீங்கிய நிலையில் பழைய துண்டை விரலால் லேசாக இழுத்தால் நீண்டு திரும்பியது, சல்ஃபர் கூட்டியது வேகவைத்த உருளைக்கிழங்கு போல விரலிலேயே பிட்டுக்கொண்டு வந்தது. எண்ணைவிட அதுதான் அவரைப் பேசவிடாமல் செய்தது.

இப்போது சல்ஃபர் பழையபடி 2.5. பிரஸ் 148 டிகிரி, துண்டை முன்கூட்டியே சூடாக்கிப் போடுகிறோம். மில்லில் கச்சா ரப்பருக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று சாக்பீஸில் எழுதி வைத்திருக்கிறோம். லோடையும் பார்த்தேன் குலசேகரம் அண்ணா, அதே லோடு இல்லை, மூன்று மாதம் முன்பு வந்தது புது வியாபாரியிடமிருந்து, மிருதுவான சரக்கு. ஆக மில் ஆள் மேல் மட்டும் தப்பில்லை, அவரிடம் நேரில் சொல்லிவிட்டேன். ஒரு சந்தேகம் பாக்கி, இந்தப் பேட் வெயிலில் நிற்கும் மெஷினுக்கு அடியில் போகிறது, அழுத்தி வைத்த வடிவத்திலேயே நின்றுவிடுகிறது என்று இன்னொரு புகாரும் உண்டு. அதற்குப் பாலத்தைக் கூட்டாமல் வழி இருக்கிறதா?

மில்ரூம்_30வருஷம்

இருக்கிறது. பாலத்தின் எண்ணிக்கையைக் கூட்டாமல் பாலத்தின் நீளத்தைக் குறையுங்கள். சல்ஃபரை 1.2, 1.5 பங்குக்கு இறக்கி ஆக்ஸிலரேட்டரைச் சற்றே ஏற்றினால் ஓர் அணு, இரண்டு அணுப் பாலங்கள் அதிகம் விழும். அவை சூட்டில் இடம் மாறிக்கொள்ளாது, அதனால் பேட் அழுத்திய வடிவத்தில் உறைந்து நிற்பது குறையும், பிரஸ்ஸில் ரிவர்ஷனும் குறையும். மடக்கித் தாங்கும் எண்ணிக்கை கொஞ்சம் இறங்கும், அதை வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு கிலோ பேட்ச் மட்டும் போட்டுப் பாருங்கள், ஸ்கார்ச் நேரம் (மோல்டில் ஓடி முடிவதற்குள் பாலம் விழத் தொடங்காமல் இருக்கும் நேரம்) குறைந்திருக்கிறதா என்று கட்டாயம் கவனியுங்கள், பெரிய பேட்ச் அதற்கப்புறம்.